அப்பாவுக்கு சா பூ த்ரி

எங்கள் அப்பாவை இனி யார் வைத்துக்கொள்வது என்பதை நாங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் சா பூ த்ரி போட்டுத்தான் தீர்மானித்தோம். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கிறவர்கள் வீட்டில் இதையெல்லாம் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று விசாரித்துப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்போது யார் முதலில் எடுக்கிறாரோ அவர் தலையில் கட்டிவிடுவார்களாம். அதற்கு எங்கள் முறை எவ்வளவோ தேவலை. அதில் சட்டம் என்று ஒன்றாவது இருந்தது.

நாங்கள் படிக்காதவர்களும் இல்லை. அக்கா கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறாள். கள்ளக்குறிச்சி மாவட்டத் தலைநகரான நாளிலிருந்து தானும் பாதி கலெக்டர் ஆகிவிட்டதாக அவளுக்கு ஒரு நினைப்பு. தம்பிக்குச் சங்கராபுரத்தில் வேலை. வேலை கொஞ்சம், அதைப் பற்றிய பேச்சு நிறைய. நான் கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறேன். ஓர் ஆட்டம் நியாயமானதா, இல்லை யாருக்கோ சாதகமாக வளைந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான் அந்தப் பாடமே இருக்கிறது. அதை ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டே, சொந்த வீட்டு ஆட்டத்தில் நான் வருஷக்கணக்காக ஏமாந்துகொண்டிருந்தேன். கல்வித் துறை இதைப் பெரிதுபடுத்தாமல் இருந்தால் நல்லது.

ஆட்டம் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் எங்கள் வீட்டுச் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். மூன்று பேரும் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஆட்டிக்கொண்டே சா, பூ என்போம். த்ரி என்றதும் ஆளாளுக்குக் கையைத் திருப்பிக் காட்ட வேண்டும். உள்ளங்கையும் காட்டலாம், புறங்கையும் காட்டலாம். மூன்றும் ஒரே மாதிரி இருந்தால் மறுபடி. இருவர் ஒரு மாதிரியும் ஒருவர் வேறு மாதிரியும் காட்டினால் அந்தத் தனி ஆள் மாட்டினார். மற்ற தெருக்களில் தனியாக நிற்கிறவர் பழம், அவர் தப்பித்துக்கொள்வார். எங்கள் வீட்டில் தலைகீழ். தனியாக நிற்கிறவர்தான் வேலையைச் செய்ய வேண்டும். அப்பா போட்ட சட்டம் அது, அப்பீல் கிடையாது.

அப்பாவுக்கு அப்படியொரு சட்டம் தேவைப்பட்டதற்குக் காரணம் அவருடைய வேலை. கோமுகி அணையில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற லஸ்கர் அவர். கச்சிராயபாளையத்தில் கரும்பும் நெல்லும் வைத்திருந்த அத்தனை பேரும் அவரைத் திட்டியிருக்கிறார்கள். தலைமடைக்காரர் வந்து தண்ணீர் போதவில்லை என்பார். கடைமடைக்காரர் வந்து தண்ணீரே வரவில்லை என்பார். இருவரும் ஒரே அளவு திட்டினால் அன்றைக்குத் தண்ணீரைச் சரியாகப் பிரித்துவிட்டேன் என்று அப்பா நிம்மதியாகச் சாப்பிடுவார். அணையில் பகல் முழுக்க நியாயம் சொல்லிவிட்டு வருகிறவருக்கு வீட்டிலும் நியாயம் சொல்லத் தெம்பு இருக்காது. நாங்கள் சண்டையோடு போய் நின்றால், யார் பக்கமும் பேசாமல், “மூணு பேரும் கைய வைங்க” என்பார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எங்கள் கைகளுக்கு நேராக உட்காருவார். சா, பூ, த்ரி என்று எண்ணுவதும் அவர்தான். எங்கள் பங்குக் கோயிலிலேயே பொங்கல் யார் வைப்பது, தேர் தூக்குவது யார் என்பதற்கே சீட்டுக் குலுக்கிப் போடுகிறார்கள், பாத்திரம் தேய்க்க சா பூ த்ரி போட்டால் என்ன குறைந்துவிடும் என்பது அவர் கட்சி.

எனக்குத்தான் குறைந்தது. கோழிக்கூண்டு கழுவுவது, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்பது, கிறிஸ்துமஸுக்கு முறுக்குச் சுட்ட சட்டியைத் தேய்ப்பது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் போய்க் கோயிலில் பாய் விரிப்பது என்று எல்லாவற்றுக்கும் என் கைதான் தனியாக நின்றது. எப்போதாவது தப்பித்திருப்பேனே என்று யோசித்துப் பார்க்கிறேன். அக்காவுக்கு அம்மை போட்டிருந்தபோது தப்பித்தேன். அன்றைக்கு ஆட்டமே நடக்கவில்லை.

நான் சும்மாவும் இருக்கவில்லை. இடது கையை வைத்துப் பார்த்தேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து ஆடினேன். கோயில் வாசலில் இருக்கிற மாதா கெபியில் மெழுகுவத்தி ஏற்றி, நாளைக்குக் கூண்டு கழுவ அக்கா மாட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூன்று கையும் ஒரே மாதிரி விழுந்து மறுபடி ஆடச் சொன்னால், ஆகா, நம் ராசி திரும்புகிறது என்று பூரித்துப்போய்க் கையை மாற்றிக் காட்டுவேன். உடனே மாட்டுவேன். அம்மா இருந்தவரை, “உன் கை அப்டிம்மா, இன்னா செய்றது” என்று சொல்லித் துடைப்பத்தை நீட்டுவாள். நானும் அதை நம்பினேன். கல்லூரியில் கணக்குப் படித்தபோதும் நம்பினேன். ஆசிரியர் பயிற்சி முடித்தபோதும் நம்பினேன். என்னைப் போல ஒரு ஆள் கிடைத்தால் எந்தக் குடும்பம்தான் விடும்.

மலைமேல் பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துவது தனி வேடிக்கை. பாடப் புத்தகத்தில் நாணயம், பகடை, அப்புறம் சீட்டுக்கட்டு. நாணயம் சரி, பகடை சரி. சீட்டுக்கட்டில் எத்தனை ராணி, எத்தனை ஹார்ட்டின் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும் என்று புத்தகம் எழுதியவர்களுக்கு என்ன நம்பிக்கையோ. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லை. தொட்டவர்கள் அதை வெளியே சொல்ல மாட்டார்கள், சொன்னால் வீட்டில் தோலை உரித்துவிடுவார்கள். நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு கட்டு வாங்கி வந்து வகுப்பில் பரப்பி வைத்தேன். அந்த வழியாகப் போன தலைமையாசிரியர் ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது. புத்தகத்தைத் திறந்து பக்கத்தைக் காட்டின பிறகுதான் நகர்ந்தார். நகர்ந்தாலும், அடுத்த வாரம் முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஜெபிக்கிற மாதிரி நின்றார்.

அதனால் மறு வருஷம் சீட்டுக்கட்டை மூட்டை கட்டிவிட்டு, எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த சா பூ த்ரியை எடுத்துக்கொண்டேன். கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். மூன்று கை, ஒவ்வொரு கைக்கும் இரண்டு விதம், ஆக மொத்தம் எட்டு விதமாக விழலாம். எட்டில் இரண்டு விதத்தில் மூன்று கையும் ஒன்றாக இருக்கும், அப்போது ஆட்டம் மறுபடி. மிச்சம் ஆறு. அந்த ஆறில் ஆளுக்கு இரண்டு விதத்தில் மாட்டுவார்கள். யாருக்கும் கூடுதல் இல்லை, குறைச்சல் இல்லை. ஆகவே இது நியாயமான ஆட்டம் என்று முழக்கமாகச் சொல்லி, அதன் கீழே ஒரு கோடும் போட்டேன். அந்தக் கோட்டைப் போட்ட கை என்னுடையது என்பதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

பிறகு மூன்று மூன்று பேராகப் பிரித்து ஆடிப் பார்க்கச் சொன்னேன். யார் மாட்டினாலும் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு. கொஞ்ச நேரம் வகுப்பு சந்தைக்கடை மாதிரி இருந்தது. எல்லாக் குழுவிலும் மூன்று பேருக்கும் ஏறக்குறைய சமமாகக் கோடுகள் விழுந்திருந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசி பெஞ்சில் மட்டும் கோடுகள் எல்லாம் ஒரே பெண்ணுக்கு. மற்ற இரண்டு பெண்களுக்கும் ஒன்றுகூட இல்லை.

ஆடாமலே கோடு போட்டிருக்கிறீர்கள் என்று திட்டினேன். அந்த இரண்டு பெண்களும் ஆடினோம் டீச்சர் என்று சத்தியம் செய்தார்கள். என் கண்முன்னால் ஆடுங்கள் என்றேன். ஆடினார்கள். அந்தப் பெண்தான் மாட்டினாள். மறுபடி ஆடினார்கள். மறுபடியும் அவள்தான். நான் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். எட்டு விதமும் வரிசையாக அங்கேயே இருந்தன, உதவி செய்ய ஒன்றும் முன்வரவில்லை.

அப்புறம் மிரட்டிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. இருவரும் ஒரே ஊர்ப் பெண்கள். “நாங்க ரெண்டு பேரும் எப்பவும் உள்ளங்கைதான் டீச்சர் காட்டுவோம். அது எங்களுக்குள்ள பேச்சு” என்றாள் ஒருத்தி. பெரிய குற்றமாகக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. விடுதியில் தண்ணீர் எடுக்கவும், அறை பெருக்கவும் மூவரும் இப்படித்தான் ஆள் பிடிக்கிறார்களாம். மாட்டுகிற பெண்ணைப் பார்த்து, உனக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்டேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என் கை அப்டி டீச்சர்” என்றாள்.

பாடத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, எழுதியதைப் பார்த்து எழுதுங்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கணக்கு ரொம்பச் சின்னது. இரண்டு பேர் எப்போதும் ஒரே கையைக் காட்டினால் அவர்களில் ஒருவர் தனியாக நிற்கவே முடியாது. மூன்றாவது ஆள் அவர்களைப் போலவே காட்டினால் ஆட்டம் மறுபடி, மாற்றிக் காட்டினால் மாட்டினார். மறுபடி, மறுபடி என்று எத்தனை தடவை போனாலும் கடைசியில் மாட்டப்போகிறவர் அவர்தான். எட்டு, ஆறு, இரண்டு என்ற பேச்செல்லாம் மூன்று கையும் தனித்தனியாக யோசிக்கும் என்று நம்பினால்தான். என் குடும்பத்தில் இரண்டு கைகள் சேர்ந்து யோசித்தன.

அந்த வாரக் கடைசியில் மலையை விட்டு இறங்குகிற பஸ்ஸில் கடுக்காய் மூட்டைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு, பழைய ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். என் கைகளெல்லாம் துல்லியமாக ஞாபகம் வந்தன. அவர்கள் கை ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அவற்றை நான் பார்த்ததே இல்லை. மாட்டினதும் என் கையைத்தான் முறைத்துக்கொண்டிருப்பேன். வளைவு வளைவாகப் பஸ் திரும்பும்போது பக்கத்திலிருந்த அம்மாளுக்கு வாந்தி வந்தது. எனக்கு வந்தது அதைவிட மோசமான ஒன்று.

ஆனாலும் ஆசிரியை ஆயிற்றே, சோதிக்காமல் முடிவுக்கு வரக்கூடாது. அம்மாவின் நினைவு நாள் பூசைக்கு எல்லோரும் கச்சிராயபாளையம் வீட்டுக்கு வந்தோம். பிரியாணி முடிந்து அண்டா தேய்க்க ஆள் வேண்டியிருந்தது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டார். வயதான கைகளை நீட்டினோம். முதல் தடவையாக நான் அவர்கள் கையைப் பார்த்தேன். உள்ளங்கை, உள்ளங்கை. நானும் உள்ளங்கை. மறுபடி என்றார் அப்பா. மறுபடியும் அதே. நான் வேண்டுமென்றே புறங்கையைத் திருப்பினேன், மாட்டினேன். அக்கா கையைத் தட்டிக்கொண்டு பீடா போடப் போனாள். தம்பி போனை எடுத்தான். நடுத்தர வயதில், வேலை, வீடு, பிள்ளை குட்டி எல்லாம் ஆன பிறகும் அந்தப் பால்யத்து ஒப்பந்தத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். இந்த ஒற்றுமையை வேறு எதிலாவது காட்டியிருந்தால் எங்கள் குடும்பம் எங்கேயோ போயிருக்கும்.

அண்டாவைத் தேய்த்துக்கொண்டே நான் சிரித்தேன். அன்றைக்கே சபையில் போட்டு உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. ஒரு அண்டாவுக்காக அவ்வளவு நல்ல ஆயுதத்தை வீணாக்குவானேன், பெரிதாக ஏதாவது வரட்டும் என்று வைத்துக்கொண்டேன். எப்படியெல்லாம் சொல்ல வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், அக்கா முகம் எப்படிப் போகும் என்று மலையில் தனியாகச் சமைக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். என் வீட்டுக்காரர் வெளியூரில் வேலை பார்க்கிறார், ஒத்திகையைக் கேட்க குக்கர்தான் இருந்தது.

பெரிதாக ஒன்று வந்தது. அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு உடையவில்லை, ஆனால் இடுப்பில் பலமான அடி. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளித் தூக்கியிருக்கிறார். கள்ளக்குறிச்சியில் பார்த்த டாக்டர், இனிமேல் இவரைத் தனியாக விடாதீர்கள் என்று எங்கள் மூவரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். பொதுவாகச் சொன்னதுதான் தப்பு. யாராவது ஒருத்தரை விரலால் காட்டிச் சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் கூடினோம். அப்பா கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு அவருடைய நாற்காலியில் இருந்தார். அவரை வைத்துக்கொண்டுதான் பேசினோம். நடுவர் இல்லாமல் எங்களுக்குப் பேசிப் பழக்கமில்லை. அப்பா என்றால் எனக்கு உயிர் என்றாள் அக்கா. அவள் இருக்கிற மாடி வீட்டில் படி மட்டும் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போயிருப்பாள். தம்பிக்கும் உயிர்தான். ஆனால் அவன் மாமனாரும் மாமியாரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள், இன்னொரு கட்டில் போட்டால் கதவு திறக்காது. அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். என் முறை வந்தது. மலையில் குளிர், முட்டி வலிக்காரருக்கு ஆகாது, அவசரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அத்தனை வளைவும் இறங்கி வர வேண்டும், நான் பள்ளிக்குப் போனால் வீட்டில் பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை என்றேன். எல்லாமே உண்மை. மற்ற இருவர் சொன்னதும் உண்மைதான். மூன்று உண்மைகளுக்கு நடுவில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

“எதுக்கு இப்டிப் பேசிக்கினு இருக்கணும். எப்பவும் போல சா பூ த்ரி போட்டுறலாம்” என்றான் தம்பி. அக்கா உடனே தலையாட்டினாள். அவன் அக்காவைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். குக்கருக்கு முன்னால் அத்தனை நாள் ஒத்திகை பார்த்தது இதற்காகத்தான். முதலில் ஆட்டத்தை நடக்க விட்டு, அவர்களைத் திணறடித்து, அப்புறம் போட்டு உடைப்பது என்று முடிவு செய்தேன். என் மனதில் அப்போது அப்பா இல்லை. என் வாழ்நாள் வழக்கு இருந்தது.

கைகளை வைத்தோம். அப்பா மெதுவாக எண்ணினார். உள்ளங்கை, உள்ளங்கை, நானும் உள்ளங்கை. மறுபடி என்றார். மூன்று உள்ளங்கை. மறுபடி. மூன்று உள்ளங்கை. அக்காவின் நெற்றியில் வேர்த்தது. தம்பி இருமினான், தோளைக் குலுக்கிக்கொண்டான், மறுபடி கை வைத்தான். இரண்டு பேரும் கையை மாற்றப் பயந்தார்கள், மாற்றினால் எங்கே தனியாக நின்றுவிடுவோமோ என்ற பயம். நான் மாற்றுவதாக இல்லை. என் ஆயுளில் சா பூ த்ரியை நான் ரசித்தது அன்றைக்கு மட்டும்தான். இந்த மாதிரி ஆடினால் ஆட்டம் முடியவே முடியாது என்று எனக்குத் தெரியும், முடியாமல் போகப் போக எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்பா எண்ணுவதை நிறுத்தினார். எங்கள் மூன்று கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியை முன்னால் நகர்த்தினார்.

“நானும் ஒரு கை போடறேன்” என்றார்.

அவர் ஒருநாளும் ஆடியதில்லை. தம்பி ஏதோ சொல்ல வந்தான், அதற்குள் அவர் கை எங்கள் கைகளுக்கு மேலே வந்து விழுந்துவிட்டது. ஷட்டர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன கை. சா, பூ என்று அவரே எண்ணினார். த்ரி என்றதும் நாங்கள் மூவரும் உள்ளங்கையைத் திருப்பினோம். அப்பா புறங்கையைக் காட்டினார்.

“நான்தான் மாட்னேன்” என்றார் அப்பா. “உங்கப்பாவ நானே பாத்துக்கறேன்.”

தம்பி, இது செல்லாது, நாலு பேர் ஆடுகிற ஆட்டமே இல்லை இது என்று ஆரம்பித்தான். அக்கா அழ ஆரம்பித்தாள். அப்பாவுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டது போலிருக்கிறது, தலைமடைக்காரரையும் கடைமடைக்காரரையும் கேட்டுப் பழகியவர். சட்டம் சட்டம்தான், நேரமாகிறது, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார். காலையில் ஒரு அம்மாள் வந்து சமைத்துவிட்டுப் போக ஏற்பாடு, பக்கத்து வீட்டுக்காரர் இரவில் ஒரு குரல் கொடுப்பார், நாங்கள் முறை வைத்து வந்து பார்ப்போம் என்று ஏதோ ஒரு வழி சாப்பாட்டுக்கு நடுவில் பேசி முடிக்கப்பட்டது. அக்காவும் தம்பியும் கனத்த மனதோடு கிளம்பிப் போனார்கள். கனம் சங்கராபுரம் ரோடு வரையாவது இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் சொல்ல வைத்திருந்தது எதையும் சொல்லவில்லை. நாலு கை என்றால் பதினாறு விதம். அதில் அப்பா மட்டும் தனியாக நிற்பது இரண்டே இரண்டு விதத்தில். கணக்குப்படி அது நடப்பது கஷ்டம். ஆனால் நாங்கள் மூன்று பேரும் என்ன காட்டப்போகிறோம் என்று தெரிந்த ஆளுக்கு அதில் கணக்கு என்ன இருக்கிறது. நான் ஒருத்தி புறங்கையைக் காட்டியிருந்தால் இரண்டுக்கு இரண்டு என்று ஆகியிருக்கும், யாரும் மாட்டியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். “அவங்க ரெண்டு பேரும் எப்பவும் ஒரே கையத்தான் காட்டுவாங்க. உனுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியும்.”

“எப்பத்துலேர்ந்து?”

“எதிர்லயே குந்திக்கினு இருந்தவனுக்குத் தெரியாதா” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அணையில் ஒரு அங்குலம் தண்ணீர் கூடக் குறையப் போகாமல் பார்த்துக்கொண்ட மனுஷன், கண்ணெதிரே நடந்த திருட்டுக்கு உட்கார்ந்து சா பூ எண்ணியிருக்கிறார். தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவர் சொல்லத் தயங்கினார். பிறகு, “அதுங்க ரெண்டும் மாட்னா வேல அரகொறயா நடக்கும். நீ மாட்னா ஒழுங்கா நடக்கும். அதான் வுட்டுட்டேன்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “இன்னிக்கும் நீதான் மாட்டுவேன்னு நெனச்சேன்மா” என்றார்.

அவர் கண் போன பக்கம் பார்த்தேன். கட்டிலுக்கு அந்தப் பக்கம் சுவரோரமாக அவருடைய பை கட்டி வைத்திருந்தது. மருந்து, ஜெபமாலை, நாலு வேட்டி, சவரப் பெட்டி. மேலாக, ஜிப் முழுக்க மூடாமல், புதுசாக ஒரு ஸ்வெட்டரும் காதை மூடுகிற குல்லாயும். கள்ளக்குறிச்சி வெயிலிலும் சங்கராபுரம் வெயிலிலும் அவற்றைப் போட்டுக்கொள்கிற பைத்தியக்காரன் யாரும் இல்லை.

அப்பா, கிளம்பு, என்னோடு வா என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன், அழுதுகொண்டும் சொன்னேன். தோற்றவன் இருக்கும்போது அடுத்தவர் ஏன் அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று கேட்டுவிட்டு, மலைக்குக் கடைசி பஸ் போய்விடும், துணியையெல்லாம் எடுத்துப் பழையபடி வைத்துவிட்டுப் போ என்றார். வேட்டிகளை அலமாரியில் அடுக்கினேன். மருந்தை ஜன்னல் மேடையில் வைத்தேன். ஸ்வெட்டரை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வேலைக்கு யாரும் என்னோடு சா பூ த்ரி போடவில்லை.